காற்றில் வந்த கீத்மாலா, பெட்டிக்குள் வந்த குரல்

‘கீத்மாலா கி சாவோன் மே’ என்பது பழைய இந்தித் திரைப்பாடல்களின் தொகுப்பு. எச்.எம்.வி. என்ற பெயரில் இந்தியர்கள் அறிந்திருந்த கிராமபோன் கம்பெனி, பிற்காலத்துச் சரிகம நிறுவனம், இதைப் பல தொகுதிகளாக வெளியிட்டது. பாடகர், இசையமைப்பாளர், நடிகர் ஆகியோரின் பெயரில் பாடல் தொகுப்புகள் வருவது வழக்கம். இந்தத் தொகுப்பை விற்றுக்கொடுத்த பெயரோ பாடாத, மெட்டமைக்காத, நடிகராகப் பெயர் பெறாத ஒருவருடையது. அவர் வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அவரே பேசுகிறார். அந்தப் பேச்சுக்காகவும் சேர்த்தே மக்கள் காசு கொடுத்தார்கள்.

காஞ்சிபுரத்தின் இசைக்கேள்வியைச் சொல்லும் தொடரில் இந்தித் தொகுப்பு ஒன்றுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சயானியின் குரல் நாடெங்கும் பரவக் காரணமாக இருந்த கொழும்பு நிலையம்தான் தமிழ்நாட்டு நெசவுத் தெருக்களுக்கும் திரைப்பாட்டை வழங்கியது. ஒரே நிலையத்திலிருந்து இரண்டு மொழிகளில் இரண்டு வகையான அறிவிப்பாளர் மரபுகள் உருவாயின. அவற்றுள் ஒன்று கடையில் விற்கும் தொகுப்பாக நிலைபெற்றது. மற்றொன்று பெரும்பாலும் நேயர்களின் நினைவிலும், அவர்கள் வீட்டில் பதிந்துவைத்த ஒலிநாடாக்களிலும் தங்கியது.

கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் அதன் முன்னோடி. இரண்டாம் உலகப் போரின்போது, ஆசியக் களத்தில் இருந்த நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. தீவுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு சக்தி அதற்கு இருந்தது. அந்த உபரிச் சக்தியை விளம்பரமாக விற்கலாம் என்று கண்டுகொண்டு 1950இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டாட் அதை அமைத்து நடத்தியவர்களில் முதன்மையானவர். ஆங்கிலம், இந்தி, தமிழ் நிகழ்ச்சிகள் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தன.

அடுத்த உதவி டெல்லியிலிருந்து கிடைத்தது. அது வேண்டிச் செய்த உதவி அல்ல. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் மரபிசையில் ஊறியவர். திரைப்பாட்டை மலிவான சரக்காகக் கருதியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் நேரம் சுருக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வதுகூட விளம்பரமாகும் என்று அதையும் நிறுத்தினார்கள். சினமுற்ற படத் தயாரிப்பாளர்கள் பாடல்களை ஒலிபரப்பும் உரிமத்தைத் திரும்பப் பெற்றனர். விளைவாக இந்திய அரசு வானொலியில் திரைப்பாட்டு ஏறத்தாழ மறைந்தே போனது. ரேடியோவின் முள் கொழும்புப் பக்கம் நகர்ந்தது. கேஸ்கரின் கொள்கையில் பலன் கண்டது மரபிசையைவிட இலங்கை வானொலிதான் என்று சொன்னால் மிகையாகாது. தவறை உணர்ந்த அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதியைத் தொடங்கியது. அதற்குள் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. கேட்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

அந்த ஐந்தாண்டு இடைவெளியின் தொடக்கத்திலேயே, 1952 டிசம்பர் 3ஆம் தேதி, ‘பினாகா கீத்மாலா’ பிறந்தது. பினாகா என்பது சுவிஸ் நாட்டுச் சீபா நிறுவனத்தின் பற்பசை. நிகழ்ச்சியைப் பம்பாயில் பதிந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அது ஒலிபரப்பானது. முதலில் அரை மணி நேரம், ஏழு பாட்டுகள். அந்த ஏழையும் படம் வெளிவந்த கால வரிசையில் அடுக்கி எழுதி அனுப்ப வேண்டும்; சரியாக எழுதியவர்களுக்கு நூறு ரூபாய்ப் பரிசு. நடத்தியவர் இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த அமீன் சயானி. அனுபவசாலிகள் யாரும் இந்தச் சிறு வேலைக்கு ஆசைப்படாததால் வாரம் 25 ரூபாய்க்கு அவரிடம் வந்த வாய்ப்பு இது. முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள் வந்தன. பிறகு வாரத்துக்கு 65,000 வரை ஏறியது. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கவே ஆள் பற்றாத நிலையில், போட்டியைக் கைவிட்டுப் பாட்டுகளுக்கே தரவரிசை கொடுக்கும் முறைக்கு 1954இல் மாறினார்கள். நிகழ்ச்சி ஒரு மணி நேரமாகவும், பாட்டுகள் பதினாறாகவும் கூடின.

சயானி 1932 டிசம்பர் 21இல் பம்பாயில் பிறந்தவர். வானொலிக்கு அவரை இட்டுவந்தவர் அண்ணன் ஹமீத் சயானி. ஆங்கில நிகழ்ச்சிகளில் பெயர் பெற்றவர். ஆனால் அமீனின் மொழி அன்னையிடமிருந்து வந்தது. தாயார் குல்சும் சயானி, காந்தியின் விருப்பத்துக்கு இணங்க ‘ரஹபர்’ என்ற இதழை நடத்தியவர். புதிதாக எழுத்தறிந்தவர்களுக்கான அந்த இதழ் தேவநாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்துகளில் அச்சானது. சம்ஸ்கிருதம் கனத்த இந்தியும் இல்லாமல், பாரசீகம் கனத்த உருதுவும் இல்லாமல், கடைத்தெருவில் புழங்கும் இந்துஸ்தானியில் எழுத வேண்டும் என்பது அதன் நெறி. இதழ் வேலைகளில் தாய்க்கு உதவிய சிறுவன் அந்த நெறியை ஒலிவாங்கியின் முன் கொண்டுபோனான். அவையை விளிக்கும்போது சகோதரர்களுக்கு முன்பாகச் சகோதரிகளை அழைத்தது அவருடைய அடையாளமாயிற்று. இந்தி தாய்மொழியாக இல்லாத மாநிலங்களிலும் நிகழ்ச்சி புரிந்ததற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

இங்கே ஒரு தெளிவு தேவை. கீத்மாலாவின் பட்டியல் சயானியின் சொந்த ரசனையின் பட்டியல் அல்ல. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையும், ஊர் ஊராக முளைத்த நேயர் மன்றங்களின் வாக்குகளும் சேர்ந்து தரவரிசையை முடிவு செய்தன. ஒவ்வொரு இடத்தையும் ‘பாய்தான்’, அதாவது படி, என்று அவர் அழைத்தார். பாட்டு படியேறும், சறுக்கும், மீண்டும் ஏறும். நெடுநாள் நிலைத்து நின்ற பாட்டுக்குச் ‘சர்தாஜ்’ பட்டம் சூட்டி, பிகிள் முழக்கி மரியாதை செய்தார்கள். 1953ஆம் ஆண்டின் முதலிடம் ‘அனார்கலி’ படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டுக்குக் கிடைத்தது. அதற்கு இசையமைத்த சி. ராமச்சந்திரா தம் இசையமைப்பாளர் வாழ்க்கையைத் தொடங்கியது ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’ என்ற தமிழ்ப் படங்களில் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

தேர்வில் சயானிக்குப் பங்கு குறைவு என்றால் அவருடைய கலை எதில் இருந்தது? இணைப்பில் இருந்தது. ஒரு துள்ளலுக்குப் பிறகு சோகப் பாட்டு வருகிறதென்றால், அந்தத் திருப்பத்தை நேயர் உணராதபடி கடக்கவைக்கும் நான்கு வாக்கியங்களில் இருந்தது. பதினோராம் படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவிய பாட்டை ஒரு குதிரைப் பந்தயத்தின் விறுவிறுப்போடு சொல்வதில் இருந்தது. வெறும் எண்ணிக்கையை அவர் கதையாக்கினார். பிற்காலத்துத் தொகுப்பில் அவருடைய பேச்சை நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் தந்திருந்தால், அது ஏற்கெனவே சந்தையில் இருந்த நூறு தொகுப்புகளுள் மற்றொன்றாக இருந்திருக்கும்.

காஞ்சிபுரத்துக்கு வருவோம். கொழும்பு இந்த ஊரிலிருந்து ஏறத்தாழ நேர் தெற்கே, சுமார் 650 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பம்பாயையும் டெல்லியையும்விட அது அருகில். வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலத்தில் எல்லா வீட்டிலும் பெட்டி இருந்ததில்லை. டீக்கடையும் பக்கத்து வீடும் அந்தக் குறையைத் தீர்த்தன. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் ரேடியோ தறிக்கு அருகில் இடம்பெயர்ந்தது.

நெசவுக்கும் வானொலிக்கும் உள்ள பொருத்தம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. குழித்தறியில் அமர்ந்தவரின் கால்கள் மிதியிலும், கைகள் நாடாவிலும் அச்சிலும், கண்கள் புட்டாவிலும் கட்டுண்டிருக்கும். மிச்சமிருப்பது காது மட்டும். கரையும் உடலும் வெவ்வேறு நிறமாக அமைந்த கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உதவிக்கு இன்னொருவர் தறியில் உட்கார வேண்டும். ஒரு புடவை முடிய பத்து நாளும் ஆகலாம், வேலைப்பாட்டைப் பொறுத்து இருபது நாளைத் தாண்டியும் போகலாம். அவ்வளவு நேரத்தையும் பேசியே ஓட்ட முடியாது. கைத்தறியின் ஓசை தாளத்தோடு விட்டுவிட்டு வருவதால் பாட்டை மூழ்கடிக்காது. விசைத்தறிக் கூடத்தில் இது நடக்காது. அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. காஞ்சி கைத்தறி ஊராகவே நீடித்தது அதன் காதுக்கும் நல்லதாயிற்று. விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக விரித்துப் பசை தோய்த்துச் சீராக்கும் வேலை உண்டு. வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டிய அந்த வேலைக்கும், வானொலியின் காலை நிகழ்ச்சிகளுக்கும் நேரம் ஒத்துப்போனது.

அந்தக் காதுகளுக்கு வந்த தமிழ்க் குரல்களில் முதலில் சொல்லப்பட வேண்டியவர் எஸ்.பி. மயில்வாகனம். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பைத் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயராக்கியவர். அவருக்குப் பின் வந்த தலைமுறையில் கே.எஸ். ராஜாவின் மடைதிறந்த வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் நிதானம், பி.எச். அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பு ஆகியவை தனித்தனி ரசிகர் கூட்டங்களை உண்டாக்கின. ‘பொங்கும் பூம்புனல்’ காலைக்கு, ‘இரவின் மடியில்’ இரவுக்கு. ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியில் ஒரு சிறுகதையின் ஓட்டத்துக்குள் திரைப்பாட்டுகள் செருகப்படும். படத்தில் ஒரு பொருளில் வந்த பாட்டு இங்கே வேறொரு பொருளைப் பெறும். அறிவிப்பாளரின் ரசனை நேரடியாக வேலை செய்த இடம் அதுதான். எந்தப் பாட்டை எந்தச் சோகத்துக்குப் பக்கத்தில் வைப்பது என்பதற்குக் கடை விற்பனையோ வாக்கெடுப்போ வழிகாட்டாது. இந்த வகையில் தமிழ் ஒலிபரப்பு கீத்மாலாவைவிட ஒரு படி முன்னே நின்றது என்றே மதிப்பிட வேண்டும்.

இலங்கை வானொலி 1967இல் கூட்டுத்தாபனமாக்கப்பட்டது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அதன் தமிழ்ப் பிரிவின் பொற்காலம் தேய்ந்தது. அறிவிப்பாளர்கள் சிலர் லண்டனுக்கும் கனடாவுக்கும் சென்றனர். அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தபோது, குரலாக மட்டும் அறிந்திருந்தவரை ஒரு தலைமுறை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது. வானொலி வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல் ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’.

ரசனையால் ஊரை ஆண்ட ஒருவர் காஞ்சிக்கு வானொலிக்கு முன்பே இருந்தார் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை, 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர், அதிகம் புழங்காத தியாகராஜ கீர்த்தனைகளையும் திருப்புகழையும் தேடிப் பாடிப் பரப்பியவர். லயக் கணக்கில் அவருடன் மோதத் தாளக் கலைஞர்கள் வரிசையாக மேடையில் அமர்வார்கள். காஞ்சியில் அவர் நடத்திய தியாகராஜ உற்சவத்தில் கேட்டே கற்றவர்களுள் ஒருவர் டி.கே. பட்டம்மாள். அதே பட்டம்மாள் பத்து வயதுச் சிறுமியாகச் சென்னை வானொலியில் பாடினார். நயினாப் பிள்ளையோ இசைத்தட்டே கொடுக்கவில்லை. அவருடைய தேர்வு சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை போன்ற சீடர்களின் பாடாந்தரத்தில் மட்டுமே தொடர்ந்தது. ஒருவரின் ரசனை தட்டில் ஏறினால் என்ன மிஞ்சும், ஏறாவிட்டால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு ஊரிலேயே விடை இருக்கிறது.

அரசு வானொலிக்கும் கொழும்புக்கும் வெளியே இன்னொரு தேர்வாளரும் இருந்தார். அவர் மைக் செட் வைத்திருப்பவர். ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழ் வார்ப்பிலும் கல்யாண வீட்டிலும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகளுக்குப் போய், பிறகு திரைப்பாட்டுக்கு இறங்கும் வரிசையை அவர்தான் வகுத்தார். 1980களில் ஒலிநாடா பரவியதும் தமிழ்நாட்டு ஊர்கள் எங்கும் ரெக்கார்டிங் சென்டர்கள் வந்தன. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, சில நாள் கழித்துப் போய்ப் பதிந்த நாடாவை வாங்கிக்கொள்ள வேண்டும். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு ஆறு அல்லது ஏழு பாட்டுகள்தான் கொள்ளும். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தலைவலியில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு சிறு அறிவிப்பாளர் ஆனார். காப்புரிமைச் சட்டத்துக்கு இதில் எந்த இடமும் இருக்கவில்லை.

இந்தப் பட்டியல்களில் இந்திப் பாட்டும் இருந்தது. இந்தித் திணிப்பை எதிர்த்த அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழ்நாட்டையே உலுக்கியது. அதற்குச் சில ஆண்டுகளிலேயே, 1969இல் வெளிவந்த ‘ஆராதனா’ சென்னைத் திரையரங்கில் நெடுங்காலம் ஓடியது. அதன் பாட்டுகளை இந்தி தெரியாதவர்கள் முணுமுணுத்தார்கள். இதை முரண்பாடு என்று பேசுவோர் உண்டு. எதிர்ப்பு திணிக்கப்பட்ட ஆட்சிமொழிக்கு, எஸ்.டி. பர்மனின் மெட்டை எவரும் திணிக்கவில்லை.

இனி தொகுப்புக்கு வரலாம். கீத்மாலா இலங்கை வானொலியில் 1988 வரை நடந்தது; பற்பசையின் பெயர் சிபாகா ஆனபோது நிகழ்ச்சியும் ‘சிபாகா கீத்மாலா’ ஆயிற்று. 1989 முதல் விவித் பாரதியில் சில ஆண்டுகள் தொடர்ந்தது. ஒலிபரப்பு முடிந்த பின்னும் விலைபோகக்கூடிய சரக்கு இதில் இருக்கிறது என்பதைக் கிராமபோன் கம்பெனி உணர்ந்திருந்தது. 1950கள், 60களின் இந்தித் திரைப்பாட்டு உரிமைகளில் மிகப் பெரும் பகுதி அந்த ஒரே நிறுவனத்தின் பெட்டகத்தில் கிடந்தது. பல நிறுவனங்களிடம் உரிமம் கேட்டு அலைய வேண்டியிருந்தால் இப்படியொரு நீண்ட தொகுப்பு எளிதில் சாத்தியப்பட்டிருக்காது. குறையும் அதிலேயே உண்டு: பிற நிறுவனங்கள் பங்கு பிடித்த பிற்காலம் இத்தகைய தொகுப்பில் முழுமையாக அமைவது கடினம். பாட்டுகளுக்கு இடையே சயானி பழைய வாரங்களின் ஏற்ற இறக்கங்களையும் கலைஞர்களைப் பற்றிய செய்திகளையும் சொல்லிச் செல்கிறார். கேட்பவருக்குக் கிடைப்பது பழைய ஒலிபரப்பின் நகல் அல்ல. அந்த ஒலிபரப்பை நினைவுகூரும் ஒரு புதிய நிகழ்ச்சி.

இதற்கு நேரெதிரான வழி இங்கிலாந்தில் தெரிகிறது. பிபிசி ரேடியோ 1இல் 1967 முதல் 2004இல் இறக்கும்வரை பணியாற்றிய ஜான் பீல், யார் வாக்கையும் கேட்காமல் தமக்குப் பிடித்ததை ஒலிபரப்பியவர். பங்க், ரெக்கே, ஜிம்பாப்வே கிட்டார் இசை, பழைய 78 சுழற்சித் தட்டுகள் எல்லாம் ஒரே இரவில் வரும். சில சமயம் தட்டைத் தவறான வேகத்தில் சுழலவிட்டு அதையும் வேடிக்கையாக்கிவிடுவார். ஆண்டிறுதியில் நேயர் வாக்கால் அமைந்த ஐம்பது பாட்டுப் பட்டியலும் அவரிடம் இருந்தது. வாக்குகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருந்ததில் அவருக்கு அவ்வளவு திருப்தி இல்லை. 2002இல் ஃபேப்ரிக் கேளிக்கைக் கூடத்தின் வரிசையில் அவர் தொகுத்த இசைத்தட்டில் லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் கோரஸ் வரை இடம்பெற்றது. மறைவுக்கு அடுத்த ஆண்டு, 2005இல், அவருக்கு அஞ்சலியாக இரட்டைக் குறுந்தகட்டுத் தொகுப்பு ஒன்று வந்தது. அவர் தம் மிகப் பிடித்த பாட்டாகச் சொல்லிவந்த அண்டர்டோன்ஸ் குழுவின் 1978ஆம் ஆண்டுப் பாட்டு அதில் இருந்தது. பீலை நினைவுகூரும் தட்டுகளுக்குத் தேர்வே போதுமானதாக இருந்தது; அந்தப் பாட்டுகளை ஒன்றாக நிறுத்தக்கூடியவர் வேறு யாருமில்லை. சயானியின் தொகுப்புக்கோ குரல் இன்றியமையாததாயிற்று. தமிழ் ஒலிபரப்பின் ‘இசையும் கதையும்’ மரபைத் தொகுப்பாக்கினால் தேர்வு, குரல் இரண்டும் வேண்டும். ஒலிபரப்பாகும்போது ரேடியோவுக்கு அருகில் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தவர்கள் அதைத்தான் செய்தார்கள், இரைச்சலோடு.

2017இல் சரிகம நிறுவனம் ‘கார்வான்’ என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. பழைய ரேடியோவின் தோற்றம், உள்ளே முன்கூட்டியே பதிந்த 5,000 பாட்டுகள். அலைவரிசை தேட வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம் என்பதால் முதியவர்களுக்கு வாங்கித்தரும் பரிசாக அது பெயர் பெற்றது. இந்திப் பெட்டியில் சயானியின் கீத்மாலாவும் சேர்க்கப்பட்டது. தமிழ்ப் பாட்டுகளுக்கெனத் தனிப் பெட்டியும் வந்தது. அதன் வகைப்பிரிவுகள் பெரும்பாலும் பாடகர், இசையமைப்பாளர் பெயர்களில் அமைந்தன.

சயானிக்கு 2009இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் உருவாக்கியும் நடத்தியும் அளித்த வானொலி நிகழ்ச்சிகள் 54,000க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்; விளம்பரத் துணுக்குகள் 19,000. 2024 பிப்ரவரி 20இல், 91ஆம் வயதில், மும்பையில் காலமானார். கீத்மாலா தொகுதிகள் இப்போது இணையச் செயலிகளிலும் கிடைக்கின்றன.